புதன்கிழமை ஊசி

யாராவது எழுதிக் கொடுத்ததை அந்த அக்கா அப்படியே மடித்துப் பைக்குள் வைத்து நான் கண்டதில்லை. எழுதியவரின் முகத்துக்கு நேரே ஒருதரம் சத்தமாக வாசித்துக் காட்டுவார். எழுத்து விளங்காத இடத்தில் நிறுத்தி, "உந்தச் சொல்லு என்ன?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் அடுத்த வரி. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றாலும் அவருக்கு அவசரம் கிடையாது.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியின் தோல்நோய்க் கிளினிக்கில் தாதி. ஊசி போடும் அறை என் பொறுப்பு. தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஐம்பதுக்கு ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். கலியாணம் செய்யவில்லை. நீர்வேலியில் தங்கை குடும்பத்தோடு இருந்தார். யாழ்ப்பாணம் டவுனில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிகளைத் தட்டச்சுச் செய்வது வேலை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதே கதிரை.

வாசித்துக் காட்டும் பழக்கம் அந்தக் கதிரையில் வந்தது. ஊசிக்குக் காத்திருந்த ஒரு நாள் அவரே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உறுதியில் கிழக்கு எல்லை என்று வரவேண்டிய இடத்தில் மேற்கு என்று விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சக் காலம் போய், அண்ணன் தம்பி இரண்டு பேர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்குக்குப் போனார்கள்.

"கடைசியிலை ஒருத்தற்றை செத்தவீட்டுக்கு மற்றவர் போகேல்லை, மிஸி."

"ஆர் தட்டினது?"

"நான்தான்" என்றார்.

சொரியாசிஸ் அவருக்கு இளவயதிலேயே வந்தது. முழங்கை, முதுகு, தலை என்று செதில் செதிலாக உரியும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அதோடு ஒருமாதிரிச் சமாளித்து வந்தவருக்கு நாற்பத்தைந்து தாண்டியபோது விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. தோல் வருத்தத்தோடு சேர்ந்து வரும் மூட்டு வாதம் அது. முதல்முறை என்னிடம் கையை நீட்டியபோது பத்து விரலும் இதரை வாழைப்பழம் போலத் தடித்து, மடக்க முடியாமல் நின்றன. காலையில் எழும்பினால் இரண்டு மணித்தியாலத்துக்குப் பல்தூரிகையைக்கூடப் பிடிக்க முடியாது. தலை பின்னுவது தங்கை. நொத்தாரிசு இன்னும் வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. ஆனால் உறுதிகளை வேறிடத்தில் கொடுத்துத் தட்டுவிக்கத் தொடங்கியிருந்தார்.

டொக்டர் முதலில் மெதோட்ரெக்சேற் குளிசை கொடுத்துப் பார்த்தார். குளிசை விழுங்கினால் ஒன்றரை நாள் வயிற்றைப் பிரட்டிச் சத்தி. அதனால் அதே மருந்தை ஊசியாக மாற்றினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவருடைய சொந்தத் தோலையும் மூட்டையும் எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது, அதை அடக்கத்தான் இந்த மருந்து, அடக்கும்போது கிருமிகளோடு சண்டைபிடிக்கிற பலமும் குறையும் என்று விளங்கப்படுத்திவிட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் வாசித்தார்.

"'கிழமைக்கு ஒருமுறை.' எந்தக் கிழமை, டொக்டர்?"

எங்கள் ஊரில் வாரத்துக்கும் கிழமை என்றுதான் பேர், நாளுக்கும் கிழமை என்றுதான் பேர். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நாளெண்டாலும் பரவாயில்லை அம்மா. ஒவ்வொரு கிழமையும் அதே நாளாய் இருந்தால் சரி."

"அப்ப நாளை எழுதுங்கோ. புதன்."

டொக்டர் எழுதினார். அவர் மறுபடி வாசித்தார். "'கிழமைக்கு ஒருமுறை, புதன்கிழமை.' மட்டும் எண்டொரு சொல்லுப் போடுங்கோ."

"அது தேவையோ?"

"மட்டும் இல்லாட்டில் ஆரும் மற்ற நாளும் போடலாம் எண்டு நினைப்பினம்."

டொக்டர் 'மட்டும்' என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்.

அப்படித்தான் புதன்கிழமை ஊசி தொடங்கியது. ஒரு கொப்பி கொண்டுவந்து, ஊசி போட முதல் நான் கேட்கிற கேள்விகளை எழுதித் தரச் சொன்னார். காய்ச்சல் இருக்கிறதா, தொண்டை நோ, வாய்ப்புண், காரணமில்லாமல் தோலில் நீலக் கண்டல், இருமல், மூச்சுமுட்டல், வேறு யாரிடமாவது புது மருந்து வாங்கினாரா. ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும் அன்றைக்கு ஊசி இல்லை, டொக்டரைப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். வாசித்துக் காட்டினார். பக்கவிளைவைக் குறைக்கத் தருகிற போலிக் அசிட் குளிசை எந்த நாள் என்று கேட்டு, வெள்ளிக்கிழமை என்று தானே எழுதிக்கொண்டார். இந்த மருந்து ஈரலையும் கெடுக்கலாம் என்பதால் மாதாமாதம் எடுக்கிற இரத்தப் பரிசோதனையின் முடிவு வராமல் ஊசி வாங்க மாட்டார். ஒருமுறை ஆய்வுகூடத்தில் சுணங்கிவிட்டது. "போன மாதம் எல்லாம் வடிவாய்த்தானே இருந்தது அக்கா, போடுவம்" என்றேன். "போன மாதத்து ஈரல் வேற, இந்த மாதத்து ஈரல் வேற" என்று சொல்லிவிட்டு வெளியே வாங்குப் பலகையில் போய் இருந்தார். பின்னேரம் மூன்று மணிக்கு முடிவு வந்தது. வாசித்தார். பிறகு கையைத் தந்தார்.

இதனால் அவரை எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. மருந்து கொடுக்கிற யன்னலில் அவரைக் கண்டால் உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சலக்கடுப்புக்கு, சிறுநீர் எரிவுக்கு, ஒருமுறை வெளியில் ஒரு டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையை, இந்த ஊசியோடு சேரக்கூடாதவற்றின் பட்டியலில் கண்டு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அந்த டிஸ்பென்சரியில் தன்னைக் கண்டால் இப்போது கதவைப் பூட்டுகிறார்கள் என்று சிரிக்காமல் சொன்னார்.

ஆனால் குருநகர்க்காரர் ஒருவர் உயிரோடு இருப்பதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். அவர் கடலுக்குப் போகிறவர். அவருக்கும் சொரியாசிஸ். மெதோட்ரெக்சேற் குளிசை அப்போதுதான் தொடங்கியிருந்தார். ஒரு புதன்கிழமை இருவரும் ஒரே வாங்கில் இருந்திருக்கிறார்கள். அவர் தண்ணீரை விழுங்க முடியாமல் முகத்தைச் சுளித்ததை இவர் பார்த்திருக்கிறார்.

"என்ன அண்ணை, வாய்க்குள்ளை புண்ணோ?"

"ஓம் தங்கச்சி. ஒரு பருக்கை சோறு இறங்குதில்லை."

"குளிசைப் பை வைச்சிருக்கிறியளோ?"

பையை வாங்கி வாசித்தார். அந்த மாதம் கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டதால் வெளியில் வாங்கியது. பையின் மேல் 'காலை ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இதை ஒவ்வொரு நாளும் எடுக்கிறியளோ?"

"எழுதியிருக்குத்தானே."

"எத்தனை நாளாய்?"

"போன வியாழக்கிழமை தொடக்கம்."

இவர் எழும்பி அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து வரிசையெல்லாம் தாண்டி என் அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். "கிழமைக்கு ஒருக்கா எடுக்கிறதை ஏழு நாளாய் நாளுக்கொருக்கா எடுத்திருக்கிறார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கே அவரை வார்டில் போட்டு மாற்று மருந்து ஏற்றினார்கள். இரத்த அணுக்கள் நன்றாக விழுந்திருந்தன. இரண்டு கிழமைக்குப் பிறகு நடந்து வீட்டுக்குப் போனார்.

ஐந்து மாதமளவில் அவருடைய விரல்கள் வற்றின. தோலும் அடங்கியது. ஒரு புதன்கிழமை உள்ளே வந்து கதிரையில் இருக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீளப் பின்னல், நுனியில் கறுப்பு றப்பர்.

"நானே பின்னினது" என்றார்.

கந்தோரில் மறுபடி தட்டத் தொடங்கிவிட்டார். பத்து விரலாலும். அந்த மாதத்தில் நான் கண்ட முகத்தை அதற்கு முன்னும் பின்னும் அவரில் நான் காணவில்லை.

அதற்கு அடுத்த மாதம் என்று நினைக்கிறேன். ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் சட்டைக் கையை உயர்த்தவில்லை.

"மிஸி, நீங்கள் பிள்ளைத்தாச்சியோ?"

"இல்லை" என்றேன்.

அது பொய். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் கலைந்துபோயிருந்தது. இந்த முறை நிலைக்கும்வரை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று நானும் கணவரும் முடிவெடுத்திருந்தோம். கர்ப்பமாக இருக்கிற தாதி இந்த மருந்தைக் கையாளக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியாததல்ல. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது நஞ்சு. சொன்னால் அறையை மாற்றுவார்கள், மாற்றினால் ஏனென்று எல்லாரும் கேட்பார்கள். இரட்டைக் கையுறை போட்டால் போதும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு கிழமை கிழமையாக ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையிலிருந்த இரட்டைக் கையுறையைப் பார்த்தார்.

"நீங்கள் இல்லை எண்டுறியள். எண்டாலும் எனக்கு அவசரமில்லை. மற்ற மிஸி வரட்டும்."

"மற்ற மிஸி பின்னேரம்தான் வருவா."

"பரவாயில்லை."

வாங்கில் போய் இருந்தார். கொப்பியைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு இருந்தவர் இரண்டு மணிவரை எழும்பவில்லை. நான் பன்னிரண்டு மணிக்கு தலைமைத் தாதியான மேற்றனிடம் போய் உண்மையைச் சொன்னேன். அடுத்த நாளே என்னைக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் நேரில் சந்திப்பது குறைந்தது. விரல் சரிவந்தபடியால் மருந்து நிரப்பி வருகிற ஊசியை வாங்கி வீட்டிலேயே போட மற்றத் தாதி பழக்கிவிட்டார். தொடையில் ஒரு கிழமை இடம், ஒரு கிழமை வலம். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, நிரம்பியதும் கிளினிக்குக்கு ஒப்படைக்கக் கொண்டுவருவார். மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வருவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. முந்தி ஒவ்வொரு புதனும் ஒரு ஆள் முன்னால் இருந்து அந்தக் கேள்விகளைக் கேட்பார். இப்போது கேட்பதும் அவர்தான், பதில் சொல்வதும் அவர்தான்.

எனக்கு மகன் பிறந்து மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம், திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தார். பையில் ஒரு சீப்புக் கதலி. பிள்ளையைத் தூக்கவில்லை. கதவடியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார்.

"கிட்ட வாங்கோவன் அக்கா."

"வேண்டாம். கொஞ்சம் தடிமன்."

இருமினார். சளி இல்லாத வரட்டு இருமல். வெறும் சளி பிடித்த தடிமனுக்கு அப்படி இருமுவதில்லை.

"எத்தனை நாளாய் இருமல்?"

"ரெண்டு நாள்" என்றார்.

கேட்டவுடன் சொன்னார், கண்ணைப் பார்த்துச் சொன்னார். சொல்லில் இவ்வளவு கவனமான மனிசி பிழையாகச் சொல்லமாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். தேத்தண்ணி குடித்தார். பிள்ளைக்குப் பேர் வைத்த கதையைக் கேட்டார். போய்வாறன் என்று எழும்பினார்.

வீட்டு வாசலிலிருந்து கேற்றுக்கு இருபது அடி இருக்கும். நடுவில் கிணறு. அவர் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து பார்க்கத் தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது. நான் பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"அக்கா, நான் கேட்கிறன். நீங்கள் ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ. காய்ச்சல்?"

"இல்லை." கொஞ்சம் பொறுத்து, "பொழுதுபட்டால் லேசாய்" என்றார்.

"மூச்சு?"

"நீங்கள் பார்க்கிறியள்தானே."

"இருமல் எத்தனை நாள்?"

"சொன்னனான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் கிணற்றுக்குள் பார்த்தார்.

"மூண்டு கிழமை" என்றார்.

"மூண்டு கிழமையும் ஊசி போட்டனீங்களோ?"

"ஓம்."

"நான் எழுதித் தந்தனானெல்லோ? இருமல் எண்டால் போடக் கூடாது எண்டு."

"ஒவ்வொரு புதனும் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் போட்டனான்."

அவர் இரண்டு கையையும் விரித்து எனக்கு முன்னால் நீட்டினார். விரல்கள் மெலிந்து நேராக இருந்தன.

"சொன்னால் மருந்தை நிப்பாட்டிப்போடுவினம், மிஸி. நிப்பாட்டினால் இது திரும்ப வீங்கும். எனக்கு வேற என்ன இருக்கு?" மூச்சு வாங்கியது. பிறகு, கோபமில்லாமல், "நீங்களும் ஒருக்கா எனக்கு இல்லை எண்டனீங்கள்" என்றார்.

"ஓம்" என்றேன். "அண்டைக்கு நீங்கள் விடேல்லை. இண்டைக்கு நான் விடமாட்டன்."

அன்றைய ஊசி வீட்டில் காத்திருந்தது. போய்ப் போட இருந்தாராம். கணவரைக் கூப்பிட்டு ஓட்டோவில் அவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை பாலுக்கு அழுததால் என்னால் போக முடியவில்லை.

மூன்று கிழமைக் கணக்கை நான் கணவரிடம் சொல்லி அனுப்பவில்லை. அவர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். அங்கே டொக்டர் கேட்டபோதும் "ரெண்டு நாள்" என்றுதான் சொல்லியிருக்கிறார். உடனே வார்டுக்குப் போன் எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தபோது, அவரை மூச்சுக்கு ஒட்சிசனில் போட்டிருக்கிறார்கள், நியூமோனியா என்று நினைத்து மருந்து தொடங்கிவிட்டார்கள், டொக்டர் அடுத்த நோயாளியிடம் நிற்கிறார் என்றார்கள். சொல்ல வேண்டியதைத் தாதியிடம் சொன்னேன். "ஓம், அவ இப்பதான் சொன்னவ" என்று பதில் வந்தது.

நடந்ததை அந்தத் தாதி பிறகு எனக்கு விபரமாகச் சொன்னாள். முகமூடியைக் கையால் விலக்கிக்கொண்டு, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டும்படி அவர் டொக்டரைக் கேட்டாராம். டொக்டர் இளம் ஆள், பொறுமையானவர். வாசித்தார். "வரட்டு இருமல், இரண்டு நாள்" என்ற இடத்தில் கையைத் தூக்கினாராம்.

"அது பிழை. வெட்டுங்கோ. மூண்டு கிழமை."

டொக்டர் திருத்தினார்.

"நோயாளி மறைச்சவ எண்டும் எழுதுங்கோ."

"அது தேவையில்லை அம்மா."

"தேவை. இல்லாட்டில் என்னை அனுப்பின மிஸி கேட்கேல்லை எண்டு நினைப்பினம்."

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். 'இரண்டு நாள்' ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டு, மேலே 'மூன்று கிழமை', ஓரத்தில் டொக்டரின் சிறு கையொப்பம். கந்தோரில் உறுதியைத் திருத்தும்போது அப்படித்தான் செய்விப்பார்கள் என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. நோயாளி தானாகவே திருத்தியது என்று அதற்குப் பொருள். மறைத்தது என்று எழுத டொக்டருக்கு மனம் வரவில்லைப் போல.

மூன்று கிழமை என்று தெரிந்தபடியால்தான் அது கிருமியாக இல்லாமல் மருந்தே நுரையீரலைத் தாக்கியதாக இருக்கலாம் என்று யோசித்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தபோது அதுவே சரியென்று தெரிந்தது. இந்த மருந்து எல்லாருக்கும் அப்படிச் செய்வதில்லை. எப்போதாவது ஒருவருக்குச் செய்யும். முதல் கிழமையிலேயே வந்திருந்தால் ஊசியை நிற்பாட்டியதோடு போயிருக்கலாம். ஒன்பது நாள் ஒட்சிசனில் கிடந்தார். உயிர் தப்பினார். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால், இந்த மருந்து இனி ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வாசித்துக் காட்டியபோது குரல் ஒரு இடத்திலும் தடங்கவில்லையாம்.

அவர் பயந்ததுதான் நடந்தது. மூன்று மாதத்துக்குள் விரல்கள் வீங்கின. வேறு குளிசை தொடங்கினார்கள், அது பாதிதான் கேட்டது. இடக்கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன. தட்டச்சு முடிந்துபோயிற்று. ஆனால் நொத்தாரிசு அவரை விடவில்லை. வேறு ஆட்கள் தட்டிக் கொண்டுவருகிற உறுதிகளை வாசித்துப் பிழை பார்க்க அதே கதிரையில் வைத்துக்கொண்டார். தலை பின்ன மறுபடி தங்கைதான்.

கொஞ்சக் காலத்தில் எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. போன தைப்பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது திருநெல்வேலிச் சந்தையில் அவரைக் கண்டேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை. முழங்கையில் செதில்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மகன் பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டார். கந்தோரைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் யாரோ மிளகாய்ச் சாக்கை உதறினார்கள், எல்லாருக்கும் தும்மல் வந்தது.

பிரியும்போது, பழைய பழக்கத்தில், "இருமல் ஏதும் இருக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சந்தைப் பையைக் கீழே வைத்தார். கண்ணை மூடி மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மெல்ல விட்டார். இன்னொருமுறையும் அப்படியே செய்தார்.

"இல்லை" என்றார்.